நாவலில் வந்த தோட்டம்

மலேசியாவுக்குக் கிளம்புமுன், விருதுநகர் ஆசிரியை வேதவல்லி அந்நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றைப் பற்றிய நாவலை மூன்று முறை வாசித்தாள். அதைப் படமாக எடுத்ததையும் இரண்டு முறை பார்த்து அழுதாள். கோலாலம்பூரில் இறங்கியதும் அந்தத் தோட்டத்துக்குத்தான் வாடகைக் கார் பிடித்தாள். ஓட்டுநர் சவரியப்பனும் தமிழர் என்பதால் வழியெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பால்வெட்டுற பொண்ண மரத்துல கட்டி வச்சு அடிக்கிறாண்ணே, அந்த ஒத்தக்காதுக் கங்காணி. கையில கெடச்சான்னா கடிச்சுத் துப்பிருவேன். கட்டி வச்ச அந்த மரம் எங்கண்ணே இருக்கு?"

சவரியப்பன் ரப்பரை அழித்துவிட்டு எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் வண்டியை நிறுத்தி, அவள் பெட்டியை எடுத்துப் புழுதியில் வைத்தார்.

"தோட்டம் இதான். எறங்குங்க."

"என்னண்ணே ஆச்சு?" என்றபடி இறங்கினாள் வேதவல்லி.

"அந்த ஒத்தக்காதுக்காரரு எங்கப்பா. எழுதுனவன் எங்க வீட்டுல சோறு தின்னவன். படம் வந்த வருசம் அப்பா செத்தாரு. தூக்குறதுக்கு நாலு பேரு வரல. நீங்கல்லாம் பிளேன் ஏறி வந்து, அந்த மரம் எங்கன்னு எங்கிட்டயே கேக்குறீங்க."

நாவலில் அடிவாங்கிய அந்தப் பெண்ணுக்காக அத்தனை அழுதவள் வேதவல்லி.

"அப்ப, அவரு அடிச்சது பொய்யா?" என்று கேட்டுவிட்டாள்.

வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்திக்கொண்ட சவரியப்பன் கண்ணாடியை இறக்கினார்.

"பொய்யின்னு நான் சொன்னனா?"

வண்டி திரும்பிப் போய்விட்டது. எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் வேதவல்லி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.