கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

இந்தக் காலத்தில் மனுஷன் அழுவதற்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்குகிறான். வீட்டுக் கதையை ஊரான் முன்னால் கொட்டுவதற்குப் பெயர் கவுன்சலிங். கொட்ட வைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க ஒரு டாக்டர் பட்டம் வேறு.

பெரியவர் முணுமுணுத்தபடி அந்த இருட்டறை நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தார். எதிரே சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், நல்ல வெளிச்சத்தில், அவருடைய மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"அங்க இருக்கிறவங்களுக்கு நம்மளத் தெரியாதுங்க. அவங்க பேசுறது மட்டும் ஸ்பீக்கர்ல கேட்கும்" என்றாள் பக்கத்தில் இருந்த பெண். கவுன்சலிங் பயிற்சிக்கு வந்தவள், முப்பது வயதிருக்கும். "நீங்க யாரைப் பார்க்கணும்?"

"இருக்கட்டும், இருக்கட்டும்."

நாற்பத்தைந்து வயதில் இவளுக்கு என்ன படிப்பு? போன மாதம் பேத்தி பள்ளியில் பரிசு வாங்கினாள். பெற்றவள், பாடம் பரீட்சை என்று அங்கே போகவே இல்லை. இன்றோடு இந்தக் கூத்துக்கு முழுக்குப் போட்டு, கையோடு மகளைக் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் கிளம்பி வந்திருந்தார்.

ஸ்பீக்கரில் மகளின் குரல் கரகரத்தது. "எம் பொண்ணு மேடை ஏறினா. எனக்கு வேலை இருக்குன்னுட்டேன். ஒரு வேலையும் இல்ல... போயிருக்கணும்."

எதிரே இருந்த இளைஞன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

இப்போதாவது புத்தி வந்ததே என்று பெரியவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த லட்சணம்தான் சகிக்கவில்லை. நாற்காலியில் ஒரு காலை மடக்கிப் போட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு!

"பொம்பள உட்காருற மாதிரியா உட்கார்ந்திருக்கா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதாங்க எங்க மேடம்! அச்சு அசல்!"

"ஒருத்தி அழுறா, உனக்குச் சிரிப்பு வருதா? நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"ஐயோ, கோவிச்சுக்காதீங்க. நிஜமா வர்றவங்க பேசுற நாள்ல இங்க ஈ காக்காய விட மாட்டாங்க. இது பழகுறதுக்கு. மேடம் மனசு விட்டுப் பேச வந்த ஆளா நடிப்பாங்க, நாங்க பேச வைக்கணும். அப்புறம் எங்க தப்ப எல்லாம் திருத்துவாங்க. அவங்க திருத்துறது சரிதானான்னு பார்க்க, மேல ஒரு புரபசர். அதுதான் அவங்களோட டாக்டர் படிப்பு."

"மேய்க்கிறவனை மேய்க்க ஒருத்தன்! நல்லா இருக்கு. அப்ப, பெத்த பொண்ணுக்காக அவ அழுறதும் நடிப்புதானா?"

"அவங்க பொண்ணா? இல்லைங்க. இப்ப அவங்க நடிக்கிறது எழுபது வயசு ஆம்பள. நாங்க 'பூட்டு'ன்னு பேரு வெச்சிருக்கோம். எத்தனையோ பேர் முட்டி மோதியும் வாயைத் திறக்காத ஆளு, இன்னைக்குத்தான் அழுறார்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யாருன்னு மேடம் சொன்னதில்ல. ஆனா எங்க எல்லாருக்கும் தெரியும். அது அவங்க அப்பா."

மடக்கிய கால் தானாகக் கீழே இறங்கியது. காது மடல் சுட்டது. மகள் மேடை ஏறிப் பட்டம் வாங்கிய அன்றைக்கு, வேலை இருக்கிறது என்று போகாமல் இருந்த அவருக்கு ஒரு வேலையும் இல்லைதான். அது மகளுக்கு எப்படித் தெரிந்தது?

அறை இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார்.

"அழுறது மட்டும் தப்பு" என்று எழுந்தார். "அந்த ஆளு அழ மாட்டான். இதெல்லாம் ஒரு படிப்பு!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வாசலுக்கு நடந்து, செருப்பைக் கால்மாற்றி மாட்டிக்கொண்டார்.

"ஐயா, மேடம் கேட்டா யாரு வந்தாங்கன்னு சொல்றது?"

"யாரும் வரலைன்னு சொல்லு."