மூன்று மடங்கு வேகம்

அன்று காலைதான் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் புது சிஸ்டம் போட்டிருந்தார்கள். பார்வையில்லாத கடிதப் பிரிவு அக்காவுக்குத் திரையை வாசித்துக் காட்டும் குரல், ஹெட்போனை விட்டுவிட்டு ஸ்பீக்கரில் அலறத் தொடங்கியது.

அது தெரியாமல் ஸ்டோர்காரர் அக்காவுக்கு மெசேஜ் தட்டினார்: 'நம்ம முசுடு எனக்கு லீவு தருமா?'

குரல் அதை ஹாலுக்கே வாசித்தது. மேனேஜரோ அக்காவின் மேஜையருகில்தான் நின்றிருந்தார். திரும்பித் தன் அறைக்குள் போய்விட்டார்.

ஸ்பீக்கர் சத்தம் கேட்டு ஸ்டோர்காரர் ஓடி வந்தார். "போச்சு அக்கா! நாளைக்கு என் தங்கச்சி கல்யாணம்!"

"எதுக்குப் பதறுறீங்க? அந்தக் குரலுக்கு நான் வச்சிருக்கிறது மூணு மடங்கு வேகம். உங்களுக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"வண்டு கத்துற மாதிரி இருந்துச்சு."

"அவருக்கு மட்டும் தனியா காது முளைச்சிருக்கா? தைரியமா போங்க."

போனார். மேனேஜர் லீவு கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"குரலை ஹெட்போனுக்கு எப்படித் திருப்புறதுன்னு தெரிஞ்சா, அக்காவை எனக்கும் சொல்லச் சொல்லுங்க."

"உங்களுக்கு எதுக்கு சார்?"

"என் மனைவிக்கும் பார்வை இல்லை. போன வாரம் வீட்லயும் இந்தப் புது சிஸ்டம் போட்டதிலிருந்து இதே கூத்துதான். அவ வைக்கிறது நாலு மடங்கு வேகம். எனக்கு எல்லாமே புரியும், அவளோட அக்கா என்னைத் திட்டி அனுப்புற மெசேஜ் உட்பட."

ஸ்டோர்காரர் கதவுப் பக்கம் பின்வாங்கினார்.

மேனேஜர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். "அவங்களுக்கு நீங்க எவ்வளவோ தேவலை. போயிட்டு வாங்க."