பின்னாடி போடுற படம்

"இவன பின்னாடி போட்டுடும்மா," என்று லட்சுமணன் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கீபோர்டு மேலேயே வைத்தார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கீபோர்டு மேல் எதையும் வைக்காதீர்கள் என்று எத்தனை பேருக்குத்தான் சொல்வது.

அவரும் அவர் சம்சாரம் பெரியம்மாளும் நெல்லிவாசல் மலையிலிருந்து ஜீப் பிடித்து, ஒடுகத்தூரில் என் ஜெராக்ஸ் கடைக்கு வந்திருந்தார்கள். மகள் வயிற்றுப் பேரனுக்குக் காது குத்தல் பத்திரிகை. பிள்ளை பெயர், கோயில், தேதி எல்லாம் டைப் அடித்து முடித்தாயிற்று. தாய்மாமன் பெயரைக் கேட்டபோதுதான் இந்தப் போட்டோ வெளியே வந்தது.

எங்கள் பக்கத்துப் பத்திரிகைக்கு ஒரு கணக்கு உண்டு. உயிரோடு இருக்கிறவர் படம் மேலே, மூலையில், கலரில். போய்ச் சேர்ந்தவர் படம் எழுத்துக்குப் பின்னால், தாள் முழுக்க, வெளுத்துப் போய்.

கம்ப்யூட்டர் அதை வாட்டர்மார்க் என்கிறது. இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. முன்னாடி, பின்னாடி, அவ்வளவுதான்.

போட்டோவில் இருந்தது அவர்கள் மகன் ராஜ்குமார். ஆந்திரா பக்கம் வேலை இருக்கிறது என்று லாரி ஏறிப் போனவன். ஒடுகத்தூரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். போனும் போகவில்லை, ஆளும் வரவில்லை.

"செத்துட்டான்னு யார்னா வந்து சொன்னாங்களா? உசுரோட இருக்கிற ஆள நான் பின்னாடி போட மாட்டேங்க," என்றேன்.

கடை வைத்திருக்கிறவள் பேசுகிற பேச்சா இது. என்ன செய்ய, வாய் நிற்கவில்லை.

லட்சுமணன் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். ராஜ்குமார் முன்னாடி இருக்கிறவரை அந்த மடி அவனுடையது, வேறு யாரும் உட்கார முடியாது. வருவான் வருவான் என்று பார்த்ததில் பேரனுக்குப் பால்பல் விழுகிற வயசே வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுக்கிறார்கள். தன் அண்ணன் மகன் அர்ச்சுனனை உட்கார வைப்பதாகப் பேசி முடித்திருக்கிறார்கள். அதற்கு இவன் பின்னாடி போயாக வேண்டும்.

பெரியம்மாள் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டே நின்றாள். அதில் மஞ்சள் இருந்தது. அச்சாகி வருகிற முதல் தாளின் மூலையில் மஞ்சள் வைத்து, வீட்டு ஆள் ஒருவர் கையில் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

நான் இழுத்தடித்தேன். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது என்றேன். இன்னும் ஒரு மாசம் பார்க்கலாமே என்றேன். மேலே மூலையில் கலரில் போட்டுக் காட்டி, எவ்வளவு லட்சணமாக இருக்கிறது பாருங்கள் என்றுகூடச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பின்னாடியே போடும்மா," என்றார் லட்சுமணன்.

படத்தைப் பின்னால் தள்ளினேன். வெளுக்கிற கட்டத்தில் டிக் அடித்தேன்.

முகம் காணாமல் போய்விட்டது. ஸ்கூலில் எடுத்த போட்டோ, முன்பே மங்கல். வெளுத்ததும் தலைமுடியும் இரண்டு கண்ணும்தான் மிச்சம். அதன் மேல் கோயில் பெயர் ஓடியது.

பெரியம்மாள் கிட்டே வந்து குனிந்து தேடினாள்.

"எம் புள்ள எங்க?"

வேறு போட்டோ இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருக்காது. போட்டோ என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். கெஞ்சினால்தான் நிற்பான்.

என் போனை எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

அதிலிருந்த படத்தில் ராஜ்குமார் அருவிப் பாறை மேல் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறான். ஓரத்தில் என் செருப்பு கிடந்தது. அதை மட்டும் வெட்டி நீக்கினேன். எழுத்துக்குப் பின்னால் தள்ளி, மறுபடி டிக் அடித்தேன்.

வெளுத்தும் முகம் நன்றாகத் தெரிந்தது. சிரிப்பும் தெரிந்தது.

லட்சுமணன் திரும்பி ரோட்டைப் பார்த்தார். பெரியம்மாள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள். இந்தப் படம் உன்னிடம் எப்படி என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"வூட்ல இப்டி ஒரு நாளும் சிரிச்சதில்லியே," என்றாள்.

நான் பிரிண்ட் கொடுத்தேன். முதல் தாள் சூடாக வெளியே வந்தது. எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் முந்தானையை அவிழ்த்தாள். நாலு மூலையிலும் மஞ்சளைத் தடவினாள். தாளைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள்.