ஆறு வோல்ட் போதும்

"ஆறு வோல்ட்டே இருக்கட்டுங்க. பன்னெண்டு வேண்டாம்."

நஞ்சுண்டன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். துடியலூரில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் தனபால், கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

பட்டறை வாசலில் நின்றது அந்தக் காலத்து டிராக்டர். நஞ்சுண்டனின் அப்பா வாங்கியது. ஒன்பது வருடமாக ஷெட்டில் தூங்கிக் கிடந்ததை, மகள் கனிஷ்காவின் கல்யாணத்துக்காகத் தட்டி எழுப்பியிருந்தார்கள். இஞ்சின் வேலை முடிந்துவிட்டது. பெயிண்டும் அடித்தாயிற்று. வயரிங் மட்டும்தான் பாக்கி; அதற்காக நேற்றுக் காலையில் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். நாளைச் சாயங்காலம் பெண்ணழைப்பு. இதே டிராக்டரில்தான் காரமடை மண்டபத்துக்குப் போவேன் என்று கனிஷ்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"ஏனுங்க, கொஞ்சம் கேளுங்க" என்றார் தனபால். "ஆறு வோல்ட்டுல, வண்டி ஜில்லுனு இருக்கறப்ப எடுத்துக்கும். ஓடிச் சூடான இஞ்சின நிறுத்திட்டு மறுபடி சுவிட்சப் போட்டா முக்கும், முனகும், அப்புறம் படுத்துக்கும். பன்னெண்டுக்கு மாத்திட்டா தொட்டதும் எடுக்கும். டைனமோ, பல்பு, பேட்டரி எல்லாத்தையும் மாத்தி இன்னைக்குப் பொழுதுக்குள்ள முடிச்சுத் தாரேன்."

"எங்கப்பா காலத்துல இருந்து ஆறுதானுங்க. அப்படியே இருக்கட்டும்."

"வழியில மாரியம்மன் கோயில்ல நிறுத்தித் தேங்கா ஒடைப்பீங்களா, இல்லீங்களா?"

"ஒடைப்போமுங்க. இஞ்சின அணைச்சுட்டுத்தான் சாமி கும்புடுவோம்."

"அங்கதானுங்க வண்டி மறுபடி எடுக்காம நிக்கப் போகுது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க!"

நஞ்சுண்டன் துண்டை உதறித் தோளில் போட்டார். சட்டைப்பையில் போன் அடித்தது. பீளமேட்டு ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வீட்டில் மருதாணியோடு உட்கார்ந்திருந்த கனிஷ்காதான்.

"அப்பா, பன்னெண்டு போடச் சொல்லிட்டீங்களா? நடுவழியில நின்னுச்சுன்னா மானம் போயிருமுங்கப்பா. என் பிரண்ட்ஸெல்லாம் வீடியோ எடுத்துக்கிட்டு வாராங்க."

"பாத்துக்கலாம் கண்ணு."

"பாத்துக்கலாம்னா? போடச் சொன்னீங்களா, இல்லீங்களா?"

"அம்மணி, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

தனபாலுக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ பிடிவாதக்காரர்களைப் பார்த்தவர்தான். ஆனால் பெற்ற மகளின் கல்யாண வண்டி நடுவழியில் நிற்கட்டும் என்று வரம் கேட்கிற அப்பாவை இன்றுதான் பார்க்கிறார்.

"என் பொண்ணு கல்யாணமா நெனச்சுச் சொல்றேனுங்க. பன்னெண்டு போடாம இந்த வண்டிய நான் வெளிய உட மாட்டேன்!"

சொல்லிவிட்டு, வயர் சுருளை எடுத்துக்கொண்டு டிராக்டர் பக்கம் போனார். நஞ்சுண்டன் குறுக்கே வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் தனபாலுக்குக் கை ஓடவில்லை.

"அந்தக் கோயிலுக்கு எதுத்த ஊடு, என்ற தம்பி சுரேந்தர் ஊடுங்க" என்றார் நஞ்சுண்டன். "கெணத்துத் தண்ணி முறையில ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆச்சு. அதுல பேச்சு வளந்து, பாகம் பிரிச்சு, பேச்சுவார்த்தை இல்லாம ஒம்பது வருசம் ஆகிப்போச்சு. டிராக்டர் என்ற பாகத்துக்கு வந்துச்சு. முன்னால மாட்டிச் சுத்தி இஞ்சின எடுக்கற ஹேண்டில் அவன் ஊட்டுலயே தங்கிப்போச்சு. நானும் கேக்கல, அவனும் குடுக்கல."

"கல்யாணத்துக்கு அழைச்சீங்களா?"

"நேருல போயி வெத்தல பாக்கு வெச்சு அழைக்க வேண்டியவன் நானுங்க. வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகக் கால் வரல. திரும்பி வந்து, பத்திரிகைய ஆள்கிட்டக் குடுத்து உட்டுப்போட்டேன். அப்படி அழைச்சா யாருங்க வருவாங்க?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை, முந்தாநாள்வரை முகம் தெரியாத ஒரு மனுஷரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டிய ஹேண்டில் போட்டு எடுக்க அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியுமுங்க. மத்தவங்க சுத்துனா மணிக்கட்டு பிசகிரும். கனிஷ்கா அவன் தோள்ல வளந்த புள்ளைங்க. அவ ஏறுன வண்டி வாசல்ல நின்னுபோனா, அவனால உள்ள உக்கார முடியாது. ஹேண்டில எடுத்துக்கிட்டு வெளிய வந்துருவான். வந்துட்டா அந்தக் கையப் புடிச்சு அப்படியே மண்டபத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேனுங்க. அதுக்குத்தான் ஆறு வோல்ட்டு. எனக்கு என்ற தம்பி வேணுமுங்க."

தனபால் வயர் சுருளைக் கீழே போட்டார். பக்கத்தில் இருந்த பழைய பேட்டரி மேலேயே பொத்தென்று உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, என்ன ஆச்சு?"

"நேத்து ஒருத்தர் இங்க வந்தாருங்க. அந்தக் கோயிலுக்கு எதுத்த ஊடுன்னாரு. 'எப்படியாச்சும் எங்கண்ணன் வண்டி என்ற வாசல்ல நின்னுபோற மாதிரி பண்ணி உடுங்க'ன்னு கையெடுத்துக் கும்புட்டாரு. கல்யாணத்தக் கெடுக்க வந்த பங்காளின்னு நெனச்சு, ஸ்பேனரத் தூக்கித் தொரத்தி உட்டுப்போட்டேனுங்க!"