சோற்றுருண்டைப் புகார்

"ஆம்புலன்ஸை ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு, சீருடையோட நின்னு சோத்துருண்டை தின்னுக்கிட்டிருக்காரு உங்க ஆளு! ஊர்ல எத்தனை உயிர் ஊசலாடுது, கேட்க நாதி இல்லையா?"

ஊரின் ஆம்புலன்ஸ்களையும் கவனித்துவந்த தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி தெராதா, தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எழுந்து குனிந்து வணங்கினார். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருட உத்தியோகம். புகார் என்றதும் இடுப்பு தானாக வளைந்துவிடும்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எந்த வண்டின்னு..."

"ரெண்டாம் நம்பர். நரைச்ச தலை, குழுத் தலைவர் பட்டை போட்டிருக்காரு. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு, கை வேற நடுங்குது. குடிச்சிருக்காரோ என்னவோ! அப்படிப்பட்ட ஆளை வேலைக்கு வெச்சிருக்கீங்களே, வெட்கமா இல்ல? வீட்டுக்கு அனுப்புங்க."

"சேச்சே, குடிக்கிற ஆள் இல்லம்மா. நான் கண்டிச்சு வைக்கிறேன்."

"கண்டிச்சா பத்தாது. வீட்டுக்கு அனுப்புங்க!"

பெயரைக் கேட்பதற்குள் அந்தப் பெண் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

ஜப்பானில் முன்னோரை வழிபடும் ஓபோன் பண்டிகை வாரம். ஊரே விடுமுறையில் இருந்தது, வெயிலுக்கு மட்டும் விடுமுறை இல்லை. சுருண்டு விழும் முதியவர்களை அள்ளிக்கொண்டு போய்ச் சேர்க்கவே வண்டிகளுக்கு நேரம் போதவில்லை. ஆட்கள் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட, இரண்டாம் நம்பர் வண்டியின் குழுத் தலைவர் கசிவாகி தன் ஓய்வு நாட்களிலும் வந்துகொண்டிருந்தார். அன்றோடு பதினோரு நாள்.

மாலையில் தெராதா அவரை அழைத்தார்.

"இனிமே வெளியில சாப்பிடாதே கசிவாகி. நிலையத்துக்கு வந்து சாப்பிடு."

"வர முடிஞ்சா சாப்பிடறேன் சார்." கசிவாகி சிரிக்கப் பார்த்தார். "காலையிலேர்ந்து ஒன்பது அழைப்பு. ஒரு உருண்டையில பாதிதான் உள்ள போச்சு, அதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு."

"புரியுதுப்பா. ஆனா புகார்னு வந்துட்டா நான் என்ன பண்ண முடியும்?"

ஓட்டுநர் ஓகி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "சார், அந்தம்மா சொன்னபடியே தண்டனை குடுத்து மூணு நாள் வீட்டுக்கு அனுப்புங்களேன். தண்டனைன்னாத்தான் தலைமையகம் மாத்து ஆள் அனுப்பும். அந்தம்மாவுக்கு நன்றியா நானே நல்ல முலாம்பழமா வாங்கிக் குடுக்கறேன்."

"வாயை மூடுடா," என்றார் கசிவாகி. "இந்த நேரத்துல நான் போனா மத்தவங்க செத்துருவாங்க."

அதுதான் கசிவாகி. இருபது வருடத்தில் வாய் திறந்து ஒரு நாள் லீவு கேட்டதில்லை. கேட்காதவருக்குக் கொடுப்பானேன் என்று தெராதாவும் இருந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே பெண்.

"கடை நிழல்ல உட்கார்ந்து டீயைக் கையில வெச்சுக்கிட்டே தூங்கறாரு உங்க தலைவர்! நோயாளியை ஏத்திக்கிட்டுப் போறப்ப இப்படித் தூங்கி விழுந்தா யாரு பொறுப்பு? இன்னும் வீட்டுக்கு அனுப்பலையா நீங்க?"

தெராதா வணங்கினார். மன்னிப்புக் கேட்டார். பிறகு, 'பணி நேரத்தில் கடைகளில் வண்டியை நிறுத்தக் கூடாது' என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கசிவாகி அதைப் படித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்றாவது தடவை. இந்த முறை குரல் உடைந்து கிறீச்சிட்டது.

"வண்டிப் படியில ஏறவே தடுமாறுறாரு அந்த மனுஷன்! உங்க கண்ணு என்ன பொட்டையா? நான் மேயருக்கு எழுதுவேன், பத்திரிகைக்குப் போவேன். இன்னைக்கே அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க!"

இப்படியும் ஒரு ஜென்மமா என்று தெராதாவுக்கு எரிச்சல் பொங்கியது. குரலில் காட்டிக்கொள்ளாமல், பணிவாகவே சொன்னார்.

"அம்மா, உங்க மனசு குளிர ஒண்ணு சொல்றேன். நேத்திலேர்ந்து அவர் வெளியில எங்கேயும் சாப்பிடறதில்லை. நிலையத்துக்கு வரவும் நேரமில்லை. பச்சைத் தண்ணிகூட யார் கண்ணுலயும் படாமத்தான் குடிக்கணும்னு சொல்லிட்டேன். இப்போ திருப்திதானே?"

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஒரு வழியாக வாயை அடைத்தோம் என்று தெராதா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு, லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியிலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கி இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவரை மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய கசிவாகி, நின்ற இடத்திலேயே சரிந்தார். நாற்பது நிமிடம் போராடிப் பார்த்தார்கள்.

"சார்..." தொலைபேசியில் ஓகி குழந்தையைப் போல அழுதான். "தலைவர் போயிட்டாரு சார். காப்பாத்த முடியல."

தெராதா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பாவி, நான்தான் கொன்றுவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டது. நானும், அந்த ராட்சசியும். அவள் மட்டும் கையில் கிடைத்தால்!

ஆனால் யாராவது வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். ஊழியர் கோப்பைப் புரட்டி, இருபது வருடத்தில் ஒரு முறைகூட அழைத்திராத அந்த எண்ணைத் தேடி எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"கசிவாகி வீடு. நிலையத்து நம்பர்தானே இது?" என்றது, மூன்று தடவை அவரைத் திட்டித் தீர்த்த அதே குரல். "அப்பாடா! எத்தனை மணிக்கு வர்றாரு சார்? படுக்கை விரிச்சு வெச்சிருக்கேன்."