அதே பதில்

“போன தடவை சொன்னதையே போட்டுக்க மகளே. ஒண்ணும் மாறல” என்றாள் உம்மு ரகப்.

“அப்படிப் போட முடியாதும்மா. நான் திரும்ப ஒவ்வொண்ணாக் கேக்கணும், நீங்க சொல்லணும்” என்றாள் ரிஹாம்.

எகிப்தின் மன்சூரா மருத்துவமனையில், இடுப்புவலிக்காரர்களை வலி எவ்வளவு முடக்கிப் போட்டிருக்கிறது என்று அளக்க, அரபியில் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தாள் ரிஹாம். உடம்பில் மாற்றமில்லாத ஆளிடம் இரண்டு வாரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில் வர வேண்டும். அப்போதுதான் தாளை நம்பலாம். “நம்ம ஜனங்க இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்லுவாங்க. உன் தாள் தேறாது” என்று பேராசிரியர் வேறு வாய் வைத்திருந்தார். மூன்று வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கியது.

“நாற்காலியை விட்டு எழுந்திரிக்க எதையாவது பிடிச்சுக்கறீங்களா?”

“ஆமா.”

“படுக்கையில புரண்டு படுக்கக் கஷ்டமா இருக்கா?”

“ஆமா. எல்லாத்துக்கும் ஆமாதான். வலி எனக்கா, உன் காகிதத்துக்கா?”

ரிஹாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பதில்கூட மாறவில்லை. பேராசிரியர் முகத்தில் கரியைப் பூசிவிடலாம்.

தேநீர் வந்தது. போன முறை, “வீட்ல ஆள் காத்திருக்கு” என்று தேநீரைத் தொடாமலே ஓடியவள் இவள். இன்று அதே கறுப்பு உடையில் சாவகாசமாக உட்கார்ந்து சர்க்கரையைக் கலக்கினாள். கரண்டி நழுவி மேசைக்கடியில் உருண்டது.

உம்மு ரகப் சட்டென்று குனிந்து, கையை நீட்டி எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை.

ரிஹாமின் சந்தோஷம் வடிந்தது. பேசாமல் விட்டால் பதில்கள் பொருந்திப் போகும். ஆனால் மனசு கேட்கவில்லை.

“உங்க இடுப்பு நல்லாத்தானே இருக்கு? ஏம்மா பொய் சொல்றீங்க? இதை வச்சு அரசாங்கத்துல உதவித்தொகையெல்லாம் கிடைக்காது.”

“யாருக்கு வேணும் அது?”

“பின்ன என்ன? மருந்து மாத்தினீங்களா? மெத்தை மாத்தினீங்களா?”

“இல்ல.”

“அப்ப எப்படி சரியாச்சு? உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு இது வாழ்வா சாவாங்கற மாதிரி.”

உம்மு ரகப் கரண்டியை முக்காட்டு நுனியால் துடைத்து மேசையில் வைத்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வலி இருக்கா இருக்கான்னுதான் நீ கேட்ட. எதனால வந்துச்சுன்னு கேக்கலியே மகளே. எங்க வீட்டுக்காரர் கைகால் விழுந்து ஆறு வருஷம். தூக்கி உட்கார வச்சது, புரட்டிப் படுக்க வச்சது எல்லாம் இந்த இடுப்புதான்.”

“இப்ப அவரைத் தூக்க ஆள் வச்சிருக்கீங்களா?”

உம்மு ரகப் தலையாட்டி மறுத்தாள்.

“நீ முதல்ல கேட்ட மறுநாளே அவரை அடக்கம் பண்ணிட்டோம். புருஷனை இழந்தவ வீட்டோட இருக்கிற நாலு மாச இத்தா முடியாம வாசல் தாண்டலாமான்னு கொழுந்தன் சத்தம் போட்டும், ரெண்டு வாரத்துல திரும்ப வரேன்னு உனக்குக் கொடுத்த வாக்குக்காக வந்தேன். வலி விட்டுப்போச்சுன்னு நான் எந்த வாயால சொல்றது?”