எட்டு பிளக்

ஷெட்டின் கதவு திறந்து கிடந்தது.

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் அவள் வருவதில்லை. எட்டரைக்கெல்லாம் அக்கா சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருப்பாள். ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல், இரண்டு வருஷமாக அந்தப் பழைய ஜீப் இப்படித்தான் கைமாறிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு ஒன்பது மணிக்கு வண்டியை வாங்க ஆள் வருகிறது. அதற்குள் கழுவித் துடைத்து வைக்கலாமே என்று ஒரு மணி நேரம் முன்னதாக வந்திருந்தாள்.

ஜீப் அப்பாவுடையது. மனுஷன் போகும்போது இரண்டு மகள்களுக்கும் பொதுவில் விட்டுவிட்டுப் போனார். ஒரு வாரம் அக்காவுக்கு, ஒரு வாரம் தங்கைக்கு.

அக்கா தேனீ வளர்ப்பவள். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காட்டுச் சரிவில் முதல் கியரிலேயே ஊர்ந்து போவாள். தங்கை நிலம் அளப்பவள். நெடுஞ்சாலையில் ஏறினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டாள்.

ஊர்கிற வண்டிக்குச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஸ்பார்க் பிளக் வேண்டும், இல்லாவிட்டால் கரி அப்பிவிடும். பறக்கிற வண்டிக்குச் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும் பிளக் வேண்டும், இல்லாவிட்டால் முனை வெந்துவிடும். வண்டியோ ஒன்றுதான். சண்டை வராமல் எங்கே போகும்?

அக்காவின் பிளக்கோடு போய் நடுரோட்டில், மொட்டை வெயிலில் வண்டி நின்றுபோன அன்று, தங்கை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாள்.

"இனிமே உன் பிளக் உனக்கு, என் பிளக் எனக்கு" என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்றது.

அன்றிலிருந்து, வண்டியை எடுக்கிறவள் மற்றவளின் நாலு பிளக்கையும் கழற்றி ஷெட்டில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுவாள். தன் நாலை அதிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவாள். ஊர் மெக்கானிக் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

சிரிக்கட்டும். அக்காவின் பிளக்கைக் கழற்றும்போதெல்லாம் தங்கைக்கு உள்ளூர ஒரு குஷி. ஒவ்வொன்றும் அடுப்புக்கரி மாதிரி வரும். அப்படியே டப்பாவில் எறிவாள். தன்னுடையதோ டப்பாவிலிருந்து எடுக்கும்போதே பளிச்சென்று இருக்கும். முனையின் இடைவெளி இம்மி பிசகாது.

எந்த பிளக் சரியென்று வண்டியே சொல்கிறது பார் என்று வீட்டில் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பாள்! அவள் கணவன் தலையாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்வான்.

வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்லியனுப்பியதும் அவள்தான். அக்காவின் கணவர் கையில் காகிதம் போயிற்று. அக்காவின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அக்கா.

அப்போதுதான் தங்கைக்குத் திக்கென்றது. அக்காவோடு மிச்சமிருந்த உறவே ஆணியில் தொங்கும் அந்தச் சாவி ஒன்றுதான். இன்றைக்கு அதையும் யாரோ ஒருவர் கையில் கொடுக்கப்போகிறாள். ஆனாலும் வீம்பு விடவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அக்கா ஒரு தேனீப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிஸ்கட் டப்பா. கையில் சின்னக் கம்பி பிரஷ். ஒரு பிளக்கைத் தேய்த்தாள். ஊதினாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். முனையின் இடைவெளியில் மெல்லிய தகடு ஒன்றை விட்டு அளந்தாள். சரிவரவில்லை போல. லேசாக ஒரு தட்டுத் தட்டி மறுபடி அளந்தாள்.

விற்கப்போகிற வண்டியின் பிளக்குக்கு இவ்வளவு சீராட்டா என்று நினைத்தாள் தங்கை. தன்னுடையது என்றால் இவளுக்கு உசிர்தான்.

அக்கா அடுத்ததை எடுத்தாள். கரியும் எண்ணெயும் அப்பிய அதன் கழுத்தில் ஒரு பச்சைப் பெயின்ட் பொட்டு.

அக்காவின் பிளக்குக்குச் சிவப்புப் பொட்டு. பச்சை, தங்கையுடையது. கலந்துவிடக் கூடாதென்று அவளே வைத்தது.

இந்த இரண்டு வருஷத்தில் தன் பிளக் இன்ஜினிலிருந்து வெளியே வரும்போது எப்படி இருக்கும் என்று தங்கை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதைக் கழற்றுகிறவள் எப்போதும் அக்காதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

சத்தமில்லாமல் உள்ளே போனாள். பானெட்டைத் தூக்கி, ஸ்பேனரைப் போட்டு, சிவப்புப் பொட்டு வைத்த நாலையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டப்பா பக்கம் போகவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

அக்கா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிரஷை அதில் வைத்துவிட்டு, தனக்கு ஒரு துண்டு உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டாள்.

வாங்க வந்தவர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரை உதைத்து, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார்.

முழங்கை வரை கரியோடு தங்கை நிமிர்ந்தாள். "ஆகாதுங்க. எட்டு பிளக்கும் வெளியே கிடக்கு."

அவர் இன்ஜினைக் குனிந்து பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். நாலு சிலிண்டர் வண்டிக்கு எதற்கு எட்டு பிளக் என்று கேட்டார்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு பேர் ஓட்டுறோம்ல."